நெல்லும் கையெழுத்தும்

1

எண்ணாயிரம் எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர். விழுப்புரம் மாவட்டத்தில் பிரம்மதேசம் என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்கள் உண்டு. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் வழியில் ஒன்று, எண்ணாயிரத்தை ஒட்டி ஒன்று. நான் சொல்வது இரண்டாவதை. பிரம்மதேசம் என்பது ஊரின் பெயரே அல்ல. பிராமணர்களுக்கு அரசன் கொடுத்த நிலம் என்பதற்கான கணக்குச் சொல், நாளடைவில் பெயராக ஒட்டிக்கொண்டது. எங்கிருந்தோ வந்தவர்களைக் குடியமர்த்திய இடம் என்று அந்தச் சொல்லே வாக்குமூலம் கொடுக்கிறது.

குடியமர்த்தியவர்களின் பிள்ளைகளுக்குப் படிப்பு வேண்டும். எண்ணாயிரத்து அழகிய நரசிம்மப் பெருமாள் கோயில் கல்வெட்டு, முதலாம் ராஜேந்திரன் காலத்தில், சுமார் 1025இல், ஒரு கல்லூரிக்குச் செய்த ஏற்பாட்டைச் சொல்கிறது. மாணவர்கள் 340 பேர். ஆசிரியர்கள் 14 பேர். ரிக் வேதத்துக்கு 75 பேர், யஜுர் வேதத்துக்கு 75, வாஜசநேயத்துக்கு 20, சாமத்தின் இரண்டு பிரிவுகளுக்கு இருபது இருபதாக 40, அதர்வணத்துக்கு 10, போதாயன சூத்திரங்களுக்கு 10, ரூபாவதாரம் என்ற இலக்கண நூலுக்கு 40. ஆக இளையவர்கள் 270. வியாகரணத்துக்கு 25, பிராபாகர மீமாம்சைக்கு 35, வேதாந்தத்துக்கு 10; ஆக மூத்தவர்கள் 70. இளையவனுக்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல். மூத்தவனுக்கு ஒரு குறுணி இரண்டு நாழி, அதாவது பத்து நாழி. இதற்காக ஒதுக்கிய நிலம் 45 வேலி.

இதைத் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். வங்கியில் குமாஸ்தா வேலை பார்ப்பவனுக்குக் கணக்கில் ஒரு ருசி உண்டாவது இயற்கை. ஒரு ராஜ்யம் தன் படிப்பைப் பற்றி என்ன நினைக்கிறது என்பதை அதன் கவிதையைவிட அதன் பட்ஜெட் தெளிவாகச் சொல்லிவிடும். எண்ணாயிரத்துக் கணக்கு சொல்வது இதுதான்: ராஜ்யம் செலவு செய்யும், எண்ணிச் செலவு செய்யும், இத்தனை தலைக்கு இத்தனை நாழி. யார் அந்தத் தலைகள் என்பது முன்கூட்டியே முடிவாகிவிட்டது. அந்த 45 வேலியில் சேடை ஓட்டியவன் பிள்ளை எந்தப் பட்டியலிலும் இல்லை. அவனுக்கு இடமில்லை என்று கல்வெட்டு எங்கும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியம் அதற்கு நேரவில்லை. எந்தத் தேர்வுமுறையிலும் கதவைச் சாத்துவது இந்த மௌனம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பரீட்சைத் தாள் அதற்கு அப்புறம்தான் வருகிறது.

இதையெல்லாம் நான் எழுதுவது சோழர்களுக்காக அல்ல. எண்ணாயிரத்திலிருந்து நாற்பது ஐம்பது கிலோமீட்டர் கிழக்கே, கடற்கரையில், இன்னொரு பள்ளி இருக்கிறது. அதுவும் ஒரு ராஜ்யம் தன்னவர்களுக்காக ஏற்படுத்தியது. அங்கும் வயலில் பேசும் பாஷை வேறு, வகுப்பில் பேசும் பாஷை வேறு. புதுச்சேரியின் பிரெஞ்சு லிசேயைத்தான் சொல்கிறேன். என் குடும்பத்தில் பாதி அந்தப் பள்ளியின் வாசல் வழியாகப் போய்விட்டது. மற்ற பாதியில் நான் இருக்கிறேன்.

2

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி போகும் பஸ்ஸில் உட்கார்ந்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். வளவனூர் தமிழ்நாடு. திருபுவனை புதுச்சேரி. கண்டமங்கலம் மறுபடி தமிழ்நாடு. அரியூர் மறுபடி புதுச்சேரி. சாராயக் கடைகளின் எண்ணிக்கையை வைத்து எந்த ராஜ்யத்தில் இருக்கிறோம் என்று கண்டுகொள்ளலாம். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் சண்டையிட்டும் குத்தகை எடுத்தும் விட்டும் பிடித்தும் உண்டாக்கிய ஒட்டுத் துணி இது. வயல்வரப்பு எல்லையானது. வரப்புக்கு இந்தப் பக்கம் இங்கிலீஷ் கச்சேரி, அந்தப் பக்கம் பிரெஞ்சு மேரி. பெண் கொடுப்பதும் எடுப்பதும் இந்தக் கோடுகளை மதிக்கவில்லை.

இந்த வழியில் இருக்கும் திருபுவனையிலும் ஒரு கல்வெட்டு உண்டு. ராஜாதிராஜன் காலத்தது, 1048. மாணவர்கள் 260, ஆசிரியர்கள் 12, நிலம் 72 வேலி. படிப்பவர்களுக்கும் படிப்பிப்பவர்களுக்கும் சபையின் வாரிய வேலைகளிலிருந்து விலக்கு. இன்னும் தெற்கே பாகூரில், ஒன்பதாம் நூற்றாண்டில், நிருபதுங்கவர்மன் என்ற பல்லவன் ஒரு வித்யாஸ்தானத்துக்கு மூன்று கிராமங்களைக் கொடுத்ததாகச் செப்பேடு இருக்கிறது. ஆக பிரெஞ்சுக்காரர்கள் வந்து இறங்கிய இந்தச் சிறு பிரதேசத்துக்கு, அரசு கொடுத்துப் பேணிய, பொறுக்கியெடுத்த சிலருக்கான, வேற்று பாஷைப் பள்ளி புதிய அனுபவமே அல்ல. அவர்கள் எண்ணூறு, ஆயிரம் வருஷப் பழக்கத்தின்மேல் வந்து உட்கார்ந்தார்கள்.

நெப்போலியப் போர்கள் முடிந்து புதுச்சேரி 1816இல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குத் திரும்பி வந்தபோது அதற்குக் கோட்டையும் இல்லை, ராணுவமும் இல்லை. ராஜ்யம் என்று காட்டிக்கொள்ள மிஞ்சியது பள்ளிக்கூடமும் நீதிமன்றமும். 1826இல் கவர்னர் தெபாசென் தெ ரிஷ்மோன் ராயல் கொலேஜைத் தொடங்கினார். அடுத்த வருஷம் பொது நூலகம். கொலேஜ் முதலில் ஐரோப்பிய வம்சத்துப் பிள்ளைகளுக்காக. இந்தியப் பிள்ளைகள் உள்ளே வந்தது பின்னர்தான். அது காலனி கொலேஜாகி, பிரெஞ்சு கொலேஜாகி, லிசே ஆகி, இன்றும் விக்தோர் சிமோனெல் வீதியில் இருக்கிறது. 2026இல் அதற்கு இருநூறு வயது.

லிசே என்ற ஸ்தாபனத்தின் மூலத்தை இங்கே நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். நெப்போலியன் 1802ஆம் வருஷச் சட்டத்தால் அதை உண்டாக்கினான். அரசு செலவில் 6,400 பிள்ளைகள் படிக்கலாம் என்று அந்தச் சட்டம் சொன்னது. அதில் 2,400 இடங்கள் ராணுவத்திலும் அரசு உத்தியோகத்திலும் நன்றாக வேலை செய்தவர்களின் பிள்ளைகளுக்கு. மற்றதில் பெரும்பகுதி பரீட்சை எழுதி வருபவர்களுக்கு. ஆறு நாழியும் பத்து நாழியும் போலவே இங்கும் தலைக்கணக்கு. விசுவாசத்துக்கு இத்தனை, புத்திக்கு இத்தனை என்ற இந்தப் பங்கீடு பிரெஞ்சு அரசுப் படிப்பின் எலும்பு. பின்னால் வந்த குடியரசுகள் சதையை மாற்றின, எலும்பை மாற்றவில்லை.

புதுச்சேரித் தமிழர்கள் இந்தப் பங்கீட்டைச் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள். 1873இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வக்கீல் பூட்ஸ் போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குள் போனது பெரிய வழக்கானது. பாரிஸில் போய் ஜெயித்தார். 1881 செப்டம்பர் 21ஆம் தேதி உத்தரவு, மாமூல் சட்டத்தை எழுதிக் கொடுத்துத் துறந்துவிட்டுப் பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வர இந்தியர்களுக்கு வழி செய்தது. துறந்தவர்கள் குடும்பப் பெயர் ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும். பொன்னுத்தம்பிப் பிள்ளை வைத்துக்கொண்ட பெயர் லாப்போர்த். பிரெஞ்சில் அதற்கு அர்த்தம் ‘கதவு’. தெரிந்து வைத்தாரோ தெரியாமல் வைத்தாரோ, இந்த முழு சரித்திரத்துக்கும் அதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது.

கதவு திறந்த இடம் சைகோன். 1860களில் கொச்சின்சீனா பிரெஞ்சுக்காரர் வசமானதும் அங்கே குமாஸ்தாவுக்கும் சுங்கச் சிப்பந்திக்கும் போலீஸுக்கும் ஆள் தேவைப்பட்டது. பிரெஞ்சு எழுதப் படிக்கத் தெரிந்த, பிரெஞ்சுப் பிரஜை என்று காகிதம் உள்ள புதுச்சேரிக்காரனும் காரைக்கால்காரனும் கப்பலேறினார்கள். அவர்களுடைய பிள்ளைகள் சைகோனில் படித்தார்கள், விடுமுறைக்குப் புதுச்சேரி வந்தார்கள், மறுபடி போனார்கள். இந்தியர்கள் என்று அவர்களைச் சைகோனில் சொன்னார்கள். சைகோன்காரர்கள் என்று புதுச்சேரியில் சொன்னார்கள். உத்தியோகத்தின் பின்னால் குடும்பம், குடும்பத்தின் பின்னால் பள்ளி. இந்த வரிசையை மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இது தலைகீழாகப் போகிறது.

3

பிரெஞ்சுக் கல்வி மந்திரி ஒருவர் சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்து, இந்த நிமிஷத்தில் தேசம் முழுவதும் இன்ன வகுப்புப் பிள்ளைகள் இன்ன பாடத்தில் இருக்கிறார்கள் என்று சொன்னதாக ஒரு பழைய கதை. வெறும் கதையாகவே இருக்கலாம். ஆனால் அந்தக் கதையில் ஒரு ஆசை இருக்கிறது. அப்பாவை எந்த ஊருக்கு மாற்றினாலும் பிள்ளை விட்ட பக்கத்திலேயே புத்தகத்தைத் திறக்கலாம் என்ற ஆசை. ஊர் மாறலாம், பெஞ்சு மாறாது. இன்று இந்த ஆசைக்கு ஒரு முழு நிர்வாகம் இருக்கிறது. 1990இல் ஏற்படுத்திய ஓர் அரசு அமைப்பின்கீழ், ஏறக்குறைய 140 நாடுகளில் அறுநூறுக்கு நெருக்கமான பள்ளிகள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பிள்ளை பரீட்சை இல்லாமல் போகலாம். வெளியே வேறு பள்ளியில் படித்த பிள்ளை நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். பிரெஞ்சுப் பிரஜையாக இருந்து வருமானம் போதாத குடும்பம் என்றால் உபகாரச் சம்பளம் உண்டு. பிரஜை அல்லாதவர்கள் சம்பளம் கட்ட வேண்டும். விசுவாசத்துக்கு இத்தனை, புத்திக்கு இத்தனை. இப்போது பணத்துக்கு இத்தனை என்பதும் சேர்ந்திருக்கிறது.

பிரான்ஸுக்குள்ளேயே இதன் மறுபக்கம் ஒன்று இருக்கிறது. பாரிஸுக்கு மேற்கே சேன் ழெர்மேன் ஆன் லே என்ற ஊரில், நேட்டோ ராணுவத் தலைமையகத்து அதிகாரிகளின் பிள்ளைகளுக்காக 1952இல் ஒரு பள்ளி தொடங்கினார்கள். 1967இல் நேட்டோ பிரான்ஸை விட்டுப் போய்விட்டது. பள்ளி போகவில்லை. ஜெனரல்களின் பிள்ளைகள் இருந்த இடத்தில் கம்பெனி டைரக்டர்களின் பிள்ளைகள் வந்தார்கள். அது அரசுப் பள்ளி. ஆனால் கேட்டவர்களுக்கெல்லாம் இடமில்லை. தன் தேசத்துப் பாஷையில் எழுத்துத் தேர்வும் வாய்மொழித் தேர்வும் கொடுத்துத்தான் உள்ளே போகலாம். உள்ளே போன பிள்ளை பிரெஞ்சுப் பாடத்திட்டத்தோடு தன் பாஷை இலக்கியத்தையும், சரித்திரத்தில் ஒரு பகுதியையும் தன் பாஷையிலேயே படிக்கிறது. 1981இல் இந்த மாதிரிப் பிரிவுகளுக்குத் தேசம் முழுவதற்குமான சட்ட அந்தஸ்து வந்தது. படிப்பு முடிவில் பக்கலோரெயாவில் அதற்கென்று தனிப் பிரிவு.

இது நல்ல ஏற்பாடு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தாய்மொழியை வீட்டில் விட்டுவிட்டு வா என்று சொல்லாத பள்ளி, எந்த தேசத்திலும் அபூர்வம். என் கேள்வி வேறு. அந்தப் பள்ளியின் பதினான்கு பிரிவுகளில் டேனிஷ் இருக்கிறது, நார்வேஜியன் இருக்கிறது, ஸ்வீடிஷ் இருக்கிறது, டச்சு இருக்கிறது. தமிழ் இல்லை. நார்வேக்காரர்களின் ஜனத்தொகை ஐம்பத்தைந்து லட்சத்தைச் சுற்றி இருக்கும். எங்கள் பழைய தென்னாற்காடு மாவட்டத்தோடு வைத்துப் பார்க்கலாம். பாரிஸின் வடக்குப் புறநகர்களில் தமிழ் பேசும் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். புதுச்சேரிப் பிள்ளைகளும் ஈழத்துப் பிள்ளைகளும். அவர்களுடைய தமிழ், சனி ஞாயிறு வாடகை ஹாலில் நடக்கும் வகுப்பு. பாஷையின் பெருமைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஒரு பாஷைக்குப் பின்னால் தூதரகம் நிற்கிறதா என்பதுதான் கேள்வி. இரண்டாயிரம் வருஷ இலக்கியம் என்று நாம் மேடையில் சொல்லிக்கொள்ளும்போது, அதைக் கேட்டுக்கொள்ளும் எந்த நிர்வாகமும் வெளியில் இல்லை என்பதை மறந்துவிடுகிறோம்.

4

1954 இரண்டு முடிவுகளின் வருஷம். ஜூலையில் ஜெனீவாவில் இந்தோசீனா முடிந்தது. அக்டோபர் 18இல் கீழூரில் கூடிய பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்தார்கள்; நவம்பர் 1இல் புதுச்சேரி கைமாறியது. 1956 மே 28இல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. பிரெஞ்சுப் பார்லிமெண்ட் அதை ஏற்று அமலுக்கு வர 1962 ஆகஸ்ட் 16 ஆகிவிட்டது. அந்த ஒப்பந்தத்தில் கொலேஜ் இருந்த இடத்திலேயே பிரெஞ்சுப் பள்ளியாகத் தொடரும் என்று ஏற்பாடு. இன்னொரு ஏற்பாடு: இந்தப் பிரதேசத்தில் பிறந்து இங்கேயே வசிக்கும் பிரெஞ்சுப் பிரஜைகள் தாமாகவே இந்தியப் பிரஜைகள் ஆவார்கள், பிரெஞ்சுப் பிரஜையாகவே நீடிக்க விரும்புகிறவர்கள் ஆறு மாசத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். சுமார் ஐயாயிரம் பேர் எழுதிக் கொடுத்தார்கள்.

என் பாட்டியின் அண்ணன் அவர்களில் ஒருவர். அந்தப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து, இந்தோசீனாவில் இருந்துவிட்டு, பென்ஷனோடு திரும்பியவர். இப்படிப்பட்டவர்களைப் புதுச்சேரியில் ‘சொல்தா’ என்பார்கள். பெயர் பாதி மரியாதை, பாதி கேலி. பாட்டி அதற்குள் வரப்பைத் தாண்டி பிரம்மதேசத்துக்கு வாக்கப்பட்டு பதினாறு வருஷம். அண்ணனிடம் தாளைப் பற்றி யாரோ சொன்னார்கள். பாட்டியிடம் யாரும் பேசவில்லை. ஒரே வயிற்றில் பிறந்தவர்களில் ஒருவர் பிரான்ஸ் தேசத்தவர், ஒருத்தி இந்தியாக்காரி. இருவரும் தங்கள் திண்ணையை விட்டு ஓர் அடி நகரவில்லை.

மேலே வரிசை தலைகீழாகும் என்று சொன்னது இதைத்தான். சேன் ழெர்மேனில் குடும்பம் இடம் மாறியது, பள்ளி பின்னால் வந்தது. சைகோனிலும் அப்படியே. புதுச்சேரியில் 1962க்குப் பிறகு நடந்தது, இருந்த இடத்திலேயே இருந்த ஜனங்கள் ஒரு கையெழுத்தால் வெளிநாட்டவர் ஆனது. வெளிதேசத்தில் வாழும் தன் பிரஜைகளுக்காக பிரான்ஸ் நடத்தும் பள்ளி, பிறந்த தெருவை விட்டு அசையாத பிரஜைகளுக்குக் கிடைத்தது. பிறகு அந்தப் பள்ளி அவர்களை அசைத்தது. இடம்பெயரும் குடும்பங்களுக்கு வசதி செய்ய வந்த பள்ளி, குடும்பங்களை இடம்பெயர்க்கும் யந்திரமாயிற்று. பக்கலோரெயா வாங்கிய பிள்ளைக்கு இங்கே என்ன வேலை? அந்தப் படிப்பின் அடுத்த பக்கம் துலூஸிலோ பாரிஸிலோதான் திறக்கும்.

சொல்தாவின் பேரன் எனக்கு மச்சான் முறை, என் வயசு. நான் கிராமத்துப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டுக்கு ஏறினேன். அவன் ஆறிலிருந்து ஒன்றுக்கு இறங்கினான். அவர்களுடைய வகுப்பு எண்கள் அப்படி. சித்திரை விடுமுறைக்கு எங்கள் ஊருக்கு வருவான். ஒரு தடவை நான் அவனுடன் புதுச்சேரி போனேன். வில்லியனூர்ப் பாலத்தில் பஸ் நின்றபோது ஜன்னல் வழியாகப் பார்த்துக் கேட்டான்: “இந்த ஆத்துக்குப் பேரு என்னடா மச்சான்?”

“சங்கராபரணி. செஞ்சி ஆறுன்னும் சொல்லுவாங்க.”

“தண்ணியே இல்லியே.”

சேன், லுவார், கரோன், ரோன் என்று பிரான்ஸின் ஆறுகளை அவன் வரைந்து காட்டியதை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றும் எங்கே பிறந்து எந்தக் கடலில் விழுகிறது என்று சொல்வான். இதைச் சொல்லி ரொம்ப நாள் அவனைக் கேலி செய்துகொண்டிருந்தேன். பின்னால் பி.ஏ. ஆங்கில இலக்கியத்தில், பார்த்தேயிராத ஒரு மஞ்சள் பூவைப் பற்றியும் பனி விழும் காட்டைப் பற்றியும் பத்து மார்க் கேள்விக்கு விடை எழுதியபோது கேலி நின்றுவிட்டது. அவனை அரசு ஒன்று தேர்ந்தெடுத்தது. என்னை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை; நானாகவே போய் அந்தப் பாஷையில் நின்றேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

புதுச்சேரியில் கல்யாணப் பேச்சில் ‘நேஷனாலிட்டி’ என்று ஒரு சொல் அடிபடும். ‘பையனுக்கு நேஷனாலிட்டி இருக்கு’ என்றால் அதற்குத் தனி விலை. 1962இல் போட்ட கையெழுத்து இன்றும் வட்டி கொடுத்துக்கொண்டிருக்கிறது. எழுதிக் கொடுக்கத் தவறிய வீடுகளில், அந்த ஆறு மாசத்தைப் பற்றி, செத்துப்போன பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோல் பேசுவார்கள். என் கவுண்டருக்கு ஒரு கிழவி வருவாள், சொல்தாவின் விதவை. ரோமன் எழுத்தில் தன் பெயரை மட்டும் எழுதுவாள். வேறு எழுத்து எதுவும் எந்தப் பாஷையிலும் தெரியாது. அந்தக் கையெழுத்தின் கடைசியில் பிரெஞ்சுக்காரர்கள் போடுவது போன்ற ஒரு சுழிப்பு. அதை அவள் விட்டதே இல்லை.

5

இந்த விஷயத்தைப் பற்றி நம்மிடம் இரண்டு பேச்சுகள்தான் வழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, மஞ்சள் சுவரும் போகன்வில்லாவும் காட்டி, பிரெஞ்சுக் கலாசாரம் புதுச்சேரிக்குத் தந்த நாகரிகம் என்று உருகுவது. இன்னொன்று, இவர்கள் பென்ஷனுக்காகப் பிறந்த மண்ணை விற்றவர்கள் என்பது. முதலாவது டூரிஸ்டுக்காரர்களின் பேச்சு. அதோடு சண்டை போட ஒன்றுமில்லை. இரண்டாவதைச் சொல்கிறவர்கள் என் நண்பர்கள். அதனால் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

மாமூலைத் துறந்தவர்களில் கிறிஸ்தவர்களும், ஊருக்கு வெளியே வைக்கப்பட்டவர்களும் கணிசம். ராணுவத்துக்குப் போனவர்களிலும் அப்படியே. எண்ணாயிரத்துப் பட்டியலில் தன் முப்பாட்டனுக்குப் பெயர் இல்லாதவன், முதல்முதலாகத் தன் பெயரை எழுதிக்கொள்ளும் ஒரு பட்டியலைக் கண்டான். அது அந்நிய ராஜ்யத்தின் பட்டியல்தான். சொந்த ராஜ்யங்களின் பட்டியல்களை அவன் ஆயிரம் வருஷம் பார்த்தாயிற்று. இதைத் துரோகம் என்று சொல்லுமுன் கொஞ்சம் நிதானிக்கலாம்.

ஆனால் இதனால் அந்தப் பள்ளி விடுதலையின் வாசல் என்று சொல்லிவிடவும் எனக்குத் தயக்கம். அல்ஜீரியாவை எடுத்துக்கொள்ளலாம். புத்தகமே இல்லாத வீட்டில், காது கேளாத தாய்க்குப் பிள்ளையாகப் பிறந்த ஆல்பெர் காம்யுவை, லூயி ஜெர்மேன் என்ற ஆரம்பப் பள்ளி வாத்தியார் தயார் செய்து 1924இல் உபகாரச் சம்பளப் பரீட்சையில் தேறவைத்து அல்ஜியர்ஸ் லிசேயில் சேர்த்தார். 1957இல் நோபல் பரிசு வந்தபோது காம்யு அந்த வாத்தியாருக்கு எழுதி நன்றி சொன்னார். இது அடிக்கடி சொல்லப்படும் கதை. அதே ஊரில், 1942இல், ழாக் தெரிதா என்ற பன்னிரண்டு வயதுப் பையன் பள்ளி திறந்த நாளன்று லிசேயிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டான். யூதப் பிள்ளைகளுக்கு இத்தனை சதவிகிதம்தான் என்று அரசு கணக்கு வைத்திருந்தது. இந்தக் கதை அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. ஒரே கதவுதான் இரண்டும். எண்ணி உள்ளே விடும் கை, எண்ணி வெளியே தள்ளவும் பழகியிருக்கும்.

இலக்கியக்காரனுக்கு இதில் என்ன அக்கறை? அக்கறை இதுதான்: இந்த இரண்டு நூறு வருஷப் பள்ளி தமிழுக்கு என்ன கொடுத்தது? பாரதி 1908இலிருந்து 1918 வரை புதுச்சேரியில் இருந்தார். அவருக்குக் கிடைத்தது அடைக்கலம், பள்ளி அல்ல. பாரதிதாசன் 1909இலிருந்து 1946 வரை பிரெஞ்சு அரசின் பள்ளிகளில் வாத்தியார், தமிழ் வாத்தியார். பிரெஞ்சு சம்பளத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்த அந்த முப்பத்தேழு வருஷம் அவருடைய கவிதையின் குரலை உரக்க ஆக்கியதில் ஒரு பங்கு வகித்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். வகுப்பறை வரிசையில் கீழே வைக்கப்பட்ட பாஷை மேடையில் ஏறித்தான் கத்தும். பிரபஞ்சன் தன் முழு பலத்தோடு பதினெட்டாம் நூற்றாண்டுக்குப் போனார், ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு வழியாக. ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ அப்படி வந்தவை. மாஹேயிலிருந்து எம். முகுந்தன் 1974இல் மலையாளத்தில் எழுதிய ‘மய்யழிப்புழயுடெ தீரங்ஙளில்’ நாவலில், வெள்ளைக்காரன் போவதைப் பார்த்து மனசு உடைகிற மனிதர்களும் அவனைத் துரத்தியவர்களும் ஒரே ஆற்றங்கரையில் இருக்கிறார்கள். இரு தரப்பையும் ஒரே அன்போடு பார்க்க முகுந்தனால் முடிந்தது.

அந்தக் கண், தமிழ்ப் பக்கத்தில், தமிழில் அல்லாமல் பிரெஞ்சில் திறந்தது. லிசேயில் படித்த அரி கோத்தியே 2018இல் வெளியிட்ட நாவல் குருசுக்குப்பத்தைப் பற்றியது, பிரெஞ்சில் எழுதப்பட்டது. அதன் பெயர் ‘திண்ணை’. பிரெஞ்சில் அதற்குச் சொல் இல்லை, தமிழையே வைத்துக்கொண்டார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. கதை சொல்ல ஒருவனுக்குப் பள்ளி எந்தப் பாஷையைக் கொடுத்ததோ அதில்தான் சொல்வான். பள்ளி கொடுக்காத ஒரு சொல் மட்டும் நாக்கில் ஒட்டிக்கொண்டு கூடவே வருகிறது. தமிழ் அந்தப் பள்ளியில் ஒரு பாடமாக இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் பாடமாக இருப்பதும், கணக்கையும் சரித்திரத்தையும் சொல்லும் பாஷையாக இருப்பதும் வேறுவேறு. நம்முடைய நகரத்துப் பள்ளிகளிலும் தமிழ் இன்று அந்த முதல் நிலையில்தான் இருக்கிறது. அதற்கு எந்த ஒப்பந்தமும் எந்தக் கவர்னரும் தேவைப்படவில்லை. லிசேயைப் பார்த்துச் சிரிக்கும் அப்பா தன் பிள்ளையை எந்த வேனில் ஏற்றி அனுப்புகிறார் என்பதையும் பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

மச்சான் 2008இல் பக்கலோரெயா முடித்துப் போனவன். இப்போது பாரிஸ் புறநகரில் இருக்கிறான். சென்ற தை மாசம் மகளோடு வந்திருந்தான். பெண்ணுக்கு எட்டு வயசு. ஊரைக் காட்டலாம் என்று எண்ணாயிரத்துக்கு அழைத்துப் போனேன். கோயில் சுவரில் வரிசை வரிசையாக எழுத்துகள். இங்கே ஒரு பள்ளிக்கூடம் இருந்தது, 340 பேர் படித்தார்கள், சாப்பாடு ராஜாவே போட்டார் என்று சொன்னேன். அவன் அதைப் பிரெஞ்சில் அவளுக்குச் சொன்னான். அவள் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டாள்.

“என்ன கேக்கறா?”

“படிச்சுக் காட்டச் சொல்றாடா, மாமாவ.”

கிட்டே போய்ப் பார்த்தேன். தமிழ்தான். நடுநடுவே கிரந்தம். பதினொன்றாம் நூற்றாண்டு எழுத்து. ஒரு ‘க’வும் ஒரு ‘ன’வும் போலத் தெரிந்தன, பிறகு ஒன்றும் ஓடவில்லை. எழுபத்தைந்து, நாற்பது, ஆறு நாழி என்று நான் மனப்பாடமாக வைத்திருந்ததெல்லாம் நீலகண்ட சாஸ்திரி இங்கிலீஷில் எழுதிய புத்தகத்திலிருந்து. மச்சானும் எட்டிப் பார்த்தான். புதுச்சேரியில் சேன் லூயி வீதியில் இருக்கும் பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையத்தில் இதெல்லாம் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்றான். இருக்கிறார்கள்தான்.

பெண் காத்துக்கொண்டிருந்தது. “இருட்டிடுச்சு, எழுத்து தெரியல” என்று சொன்னேன். அப்போது மணி நாலரை. வெயில் சுவர்மேல் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. மச்சான் அதையும் அவளுக்குப் பிரெஞ்சில் சொன்னான்.